ஜிம் ரீவ்ஸ், பேட்ஸி கிளைன், எவர்லி பிரதர்ஸ்: அறுபதுகளின் மறுவெளியீடுகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்?

குழித்துறை:
அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட்டை எல்லாம் ஒழுங்கா ஒரே இடத்துல சேர்க்கணும்னு பாக்கறேன். கூடவே பேட்ஸி கிளைன், எவர்லி பிரதர்ஸ், ராய் ஆர்பிசன். தேடினா மூணு விதமா வருது. ஜெர்மனிக்காரங்க போட்ட 16 சிடி பெட்டி (விலை கேட்டா தலை சுத்துது). நாலு சிடியில எட்டு ஆல்பம்னு ஒரு செட் (ரெண்டு பிரியாணி விலை). அப்புறம் ஸ்ட்ரீமிங். இதுல குழப்பம் என்னன்னா, ஒரே பாட்டு ஒண்ணுல வயலின் கூட்டத்தோட வருது, இன்னொண்ணுல கிட்டாரும் பியானோவும் மட்டும். எது அசல்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோனோமணி:
சார், முதல்ல வயலின் விஷயத்தை முடிச்சுடுவோம்.

ரீவ்ஸ் விமான விபத்தில் இறந்தது 1964 ஜூலை 31. அப்போது அவருடைய இசைத்தட்டுக் கம்பெனியான ஆர்சிஏ கையில் வெளிவராத பாடல்கள் நிறைய இருந்தன. பாடலாசிரியர்களுக்காக அவர் பாடி வைத்த டெமோக்களும் (மாதிரிப் பதிவுகள்) இருந்தன. அவர் மனைவி மேரி ரீவ்ஸும் கம்பெனியும் இவற்றைப் பல வருடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டார்கள். டெமோவை அப்படியே விற்க முடியாது என்பதால் அதன் மேல் புதிதாக வாத்தியங்களை ஏற்றினார்கள். ஓவர்டப் என்பது இதுதான். 'டிஸ்டன்ட் ட்ரம்ஸ்' நல்ல உதாரணம். சிண்டி வாக்கர் எழுதியது, ரீவ்ஸ் டெமோவாகப் பாடியது, அவர் போன பிறகு ஆர்க்கெஸ்ட்ரா சேர்த்து 1966-ல் வெளியாகி இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டைப் பொறுத்தவரை ஓவர்டப் செய்ததுதான் ஜனங்கள் வாங்கிக் கேட்டது. அதைப் போலி என்று ஒதுக்க முடியாது.

'ஹீல் ஹேவ் டு கோ' கதை வேறு. 1959 அக்டோபர் 15, நாஷ்வில், ஆர்சிஏ ஸ்டுடியோ பி. தயாரித்தவர் செட் அட்கின்ஸ், ஒலிப்பதிவு செய்தவர் பில் போர்ட்டர். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துப் பாடிய அந்தத் தாழ்ந்த குரல், ஃப்ளாய்ட் கிரேமரின் பியானோ, ஒரு வைப்ரஃபோன், பின்னால் கோரஸ், அவ்வளவுதான். அதில் வயலின் கேட்கிறது என்றால் பிற்பாடு யாரோ ஏற்றியது. தயங்காமல் விட்டுவிடலாம்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. 1979-லிருந்து டெபோரா ஆலனின் குரலைச் சேர்த்து ரீவ்ஸ் ஜோடிப் பாடல்கள் வந்தன. 1981-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ரீவ்ஸ் குரலையும் பேட்ஸி கிளைன் குரலையும் தனித்தனி மூன்று டிராக் டேப்பிலிருந்து (குரல் தனித் தடத்தில் பதிவானது) பிரித்தெடுத்து, புதுப் பின்னணி வைத்து டூயட் ஆக்கினார்கள். ரெண்டு பேரும் இறந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆன பிறகு! தொழில்நுட்பமாகக் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அறுபதுகளின் ஒலி வேண்டும் என்பவருக்கு அது தேவையில்லை.

பழைய_பிளேட்:
அந்த நாலு சிடி செட் ஏன் அவ்வளவு மலிவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை முன்பு 50 வருடம். 2011-ல் வந்த உத்தரவால் அது 70 ஆனது, நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பரில். ஆனால் ஏற்கெனவே காலாவதியானதைத் திரும்பப் பூட்டவில்லை. ஆக 1962 டிசம்பர் 31-க்குள் வெளியானதெல்லாம் அங்கே பொதுச் சொத்து. 1963-ல் வெளியானது 2033 முடியும்வரை பூட்டுக்குள். அதனால்தான் இந்த மலிவு செட்களின் அட்டையில் பெரும்பாலும் '1962 வரை' என்று இருக்கும். ஆண்டு போடாவிட்டாலும் உள்ளே பார்த்தால் அங்கேயே நின்றிருக்கும்.

இதை வைத்தே உள்ளே எது இருக்காது என்றும் சொல்லிவிடலாம். பேட்ஸி கிளைன் 1963 மார்ச் 5-ல் இறந்தார். அவருடைய கடைசி ஸ்டுடியோ அமர்வுகள் அந்தப் பிப்ரவரியில். 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' அப்போது பதிவானது, வெளியானது அவர் இறந்த பிறகு. ஆகவே மலிவு செட்டில் 'கிரேஸி' இருக்கும், 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' இருக்காது. ஜானி கேஷின் 'ரிங் ஆஃப் ஃபயர்' 1963, அதுவும் இருக்காது. பீட்டில்ஸின் முதல் சிங்கிள் (சின்னத் தட்டு) 1962 அக்டோபர், அது மட்டும் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

பெரிய கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 50 வருடத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு கிடையாது என்பதால், 2012 கடைசியில் பாப் டிலனின் பழைய பதிவுகளை நூறு பிரதி அளவில் மட்டும் வெளியிட்டு உரிமையைத் தக்கவைத்தார்கள். 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963 பதிவுகள் திடீரென்று இணையத்தில் விற்பனைக்கு வந்ததும் இதே காரணத்துக்குத்தான்.

குழித்துறை:
அப்போ அந்த மலிவு செட் திருட்டு சிடியா?

பழைய_பிளேட்:
ஐரோப்பாவில் இல்லை. அமெரிக்காவில் விற்க முடியாது. அங்கே 2018 சட்டப்படி 1957-லிருந்து 1972 பிப்ரவரி நடு வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடக் கணக்கு. இதெல்லாம் ஒலிப்பதிவுக்கு மட்டும். பாட்டை எழுதினவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உள்ள உரிமை தனி.

சட்டத்தை விடுங்கள், காதுக்கு வருவோம். மூல டேப் ஆர்சிஏ (இப்போது சோனி), டெக்கா (இப்போது யூனிவர்சல்) பெட்டகத்தில் இருக்கிறது. மலிவு செட் போடுகிறவருக்கு அதைத் தொட வழியில்லை. பழைய எல்பி தட்டிலிருந்து எடுப்பார், இல்லாவிட்டால் வேறு யாரோ காசு செலவழித்துச் செய்த சிடியிலிருந்து அப்படியே எடுப்பார். ரெண்டாவது ரகம் சில நேரம் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் உழைப்பு இன்னொருவருடையது.

யாழ்_45:
வணக்கம். எங்கட பக்கம் ஜிம் ரீவ்ஸ் எண்டால் நத்தார் (கிறிஸ்மஸ்) பாட்டு. டிசம்பர் பிறந்தால் கொழும்புக் கடை வழிய எல்லாம் அந்தக் குரல்தான். அந்த நத்தார் எல்பி 1963-ல வந்தது. மேல அவர் சொன்ன கணக்குப்படி மலிவுப் பெட்டிக்குள்ள அது வராது. ஆரும் 'முழுத் தொகுப்பு' எண்டு வித்தால் முதல்ல அந்த ஆல்பம் உள்ளுக்க இருக்கோ எண்டு பாருங்கோ. இல்லையெண்டால் '62-ல நிக்கிற செட்.

இன்னொண்டு. இந்தப் பாட்டுகள் பழைய ஆர்சிஏ கேம்டன் மலிவு எல்பி வழியாத்தான் கனபேரிட்ட வந்தது. அதில சிலது போலி ஸ்டீரியோ. அந்த எல்பியைச் சிடியாக்கினால் அந்தக் குறையும் சேர்ந்து வரும்.

டேப்_தலை:
யாழ் அண்ணை தொட்ட போலி ஸ்டீரியோதான் இந்தக் காலத்து மறுவெளியீடுகளில் பெரிய தலைவலி. 1960-களின் தொடக்கத்தில் ஸ்டீரியோ விற்க ஆரம்பித்ததும் கையிலிருந்த மோனோ (ஒரே சேனல்) டேப்களையும் ஸ்டீரியோ விலைக்கு விற்க வழி பார்த்தார்கள். கேபிடல் கம்பெனி அதற்கு 'டுவோஃபோனிக்' என்று பெயர் வைத்தது. ஆர்சிஏ 'எலக்ட்ரானிக்கலி ரீபிராசஸ்டு' என்று அட்டையில் அச்சடித்தது. செய்வது ஒன்றுதான்: ஒரு சேனலில் பேஸை (தாழ்ந்த ஒலி) தூக்கு, மற்றதில் டிரெபிளை (கூர்ந்த ஒலி) தூக்கு, ஒன்றைச் சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்து, கொஞ்சம் எக்கோ போடு. சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியை 1969-ல் ஷெல்பி சிங்கிள்டன் வாங்கியபின் வந்த ஜானி கேஷ் எல்பிகளும் இந்த வகை.

இதைத் திரும்ப மோனோ ஆக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. தாமதமான சேனலும் தாமதமாகாததும் சேரும்போது சில அதிர்வெண்களில் ஒலி ஒன்றையொன்று அடித்துக் கழிந்துவிடும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். எக்கோவைப் பிரிக்கவும் முடியாது. நல்ல மோனோ பிரதியைத் தேடுவதுதான் வழி.

கையில் இருக்கிற சிடி எந்த ரகம் என்று பார்க்க ஆடாசிட்டி மென்பொருள் போதும், காசு வேண்டாம்.

மோனோ சோதனை: பாட்டைத் திறந்து 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுங்கள். கீழே உள்ள டிராக்கை மட்டும் தேர்ந்து 'இன்வர்ட்'. பிறகு ரெண்டையும் தேர்ந்து 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்'. சுத்தமான மௌனம் வந்தால் உண்மையான மோனோ. படபடவென்று பொரிகிற சத்தம் மட்டும் மிஞ்சினால் மோனோ எல்பியை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி எடுத்தது. குரலே மெலிசாக, நெளிந்து மிஞ்சினால் போலி ஸ்டீரியோ.

எம்பி3 சோதனை: டிராக் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம். இங்கே அவசரப்பட வேண்டாம். அறுபதுகளின் இசையில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. இசையைப் பார்க்காதீர்கள், டேப்பின் இரைச்சலைப் பாருங்கள். அது மேலே 20 வரை புகை போல மெல்ல மங்க வேண்டும். 16-ல் கத்தி வைத்து வெட்டியது போல நின்றால் யாரோ எம்பி3-யைச் சிடியாக எரித்திருக்கிறார்.

இரைச்சல் நீக்கம்: பாட்டு முடிந்து தேய்கிற கடைசி ஐந்து விநாடியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். குரலும் எக்கோவும் இரைச்சலும் ஒன்றாகத் தேய வேண்டும். எக்கோ இன்னும் பாதியில் இருக்கும்போதே பின்னணி சட்டென்று மௌனமானால், அல்லது சிம்பல் ஒலி தண்ணீருக்குள் கேட்பது போல் சலசலத்தால், மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறார்கள். ஸ்டுடியோ பி-யின் எக்கோ அறையின் அழகே அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது.

மோனோமணி:
டேப்_தலை விட்ட ஒன்று: வேகம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பழைய பதிவுகளில் அந்த ஹம் (மின்சார ரீங்காரம்) மெலிதாகப் பதிந்திருக்கும். பாட்டு தொடங்குமுன் உள்ள அரை விநாடியையோ முடிந்தபின் உள்ளதையோ தேர்ந்து 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' பாருங்கள். 60-இல் அளப்பது கஷ்டம், அதன் மூன்றாம் மடங்கான 180-ஐப் பாருங்கள். 181.8-இல் உச்சி இருந்தால் டேப் 1 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது, சுருதி 17 சென்ட் ஏறியிருக்கும். அரை ஸ்வரத்துக்கு நூறு சென்ட் என்பதால் தனியாகக் கேட்கும்போது தெரியாது. ரெண்டு வெளியீட்டை அடுத்தடுத்துக் கேட்டால் பாடகர் இளைத்துவிட்டது போல இருக்கும். 150-இல் உச்சி இருந்தால் அந்த ஹம் ஐரோப்பாவில், மாற்றி எடுக்கும்போது புகுந்தது. அதை வைத்து வேகத்தைக் கணக்கிடக் கூடாது.

ஸ்டீரியோ_சுந்தரி:
எல்லாரும் மோனோ மோனோன்னு சொல்றதை ஒத்துக்க முடியலை. நாஷ்வில் ஸ்டுடியோக்கள்ல 1960 வாக்குல உண்மையான ஸ்டீரியோவே பதிவாயிருக்கு. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியோட குவான்செட் ஹட் ஸ்டுடியோல பேட்ஸி பாடின மூன்று டிராக்கை எடுத்துக்குங்க. பாடகி குரலுக்குன்னு தனி இடம், வாத்தியம் ரெண்டு பக்கமும். ஒழுங்கா மிக்ஸ் பண்ணினா அறையே கண் முன்னால நிக்கும். அதை மோனோவாக் கேளுங்கன்னு சொல்றது அநியாயம்.

மோனோமணி:
அம்மா, பேட்ஸிக்கு ஸ்டீரியோ, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸுக்கு? கேபிடலில் வந்த அவர் சிங்கிள்கள் கார் ரேடியோவுக்கென்றே பேஸைக் குறைத்து, டெலிகாஸ்டர் கிட்டாரின் கூர்மையைத் தூக்கி மிக்ஸ் செய்தவை. எல்பியின் ஸ்டீரியோ மிக்ஸில் அந்தக் கடி கிடையாது. ஆம்னிவோர் கம்பெனி 2016-ல் போட்ட 1957-66 சிங்கிள்கள் தொகுப்பு (ரெண்டு சிடி) நல்ல தேர்வு. ஆர்பிசனுக்கும் 2011-ல் மான்யுமென்ட் சிங்கிள்கள் தொகுப்பு மோனோவில் வந்தது. சிங்கிளாகப் பிரபலமானது மோனோ, ஆல்பமாக யோசித்துச் செய்தது ஸ்டீரியோ. 1965 வரைக்கும் இதுவே என் கணக்கு.

ஸ்டீரியோ_சுந்தரி:
அப்படிப் பாத்தா ரீவ்ஸோட வெல்வெட் ரக ஆல்பம் எல்லாம் என் கட்சி. சரி, விட்டுட்டேன்.

இதைவிட மோசமான மோசடி ஒண்ணை யாரும் சொல்லலையே. மறுபதிவு! 'அசல் கலைஞர்கள்'னு அட்டையில பெரிசா போட்டிருக்கும். ஆமா, கலைஞர் அசல்தான், பதிவு வேற. எவர்லி பிரதர்ஸ் 1960-ல கேடன்ஸ் கம்பெனியை விட்டு வார்னருக்குப் போனாங்க. பழைய ஹிட்டெல்லாம் கேடன்ஸ்கிட்ட மாட்டிக்கிச்சு. அதனால 1964-ல வார்னருக்காக அதையெல்லாம் திரும்பப் பாடிக் கொடுத்தாங்க. அந்த எல்பி சக்கைப்போடு போட்டுது. இன்னிக்கு ஸ்ட்ரீமிங்ல முதல்ல வர்ற எவர்லி பாட்டு நிறைய அதுலேர்ந்துதான். நல்ல அகலமான ஸ்டீரியோ, துல்லியமான ஒலி, ஆனா 1957-58-ல இருந்த அந்தப் பரபரப்பு இல்லை.

ஆர்பிசன் 1985-86-ல தன்னோட ஹிட்டை எல்லாம் மறுபடி பாடி, 1987-ல அது இரட்டை ஆல்பமா வந்துது. கேஷ் ரெண்டு தடவை: 1964-ல கொலம்பியாவுக்கு, 1988-ல மெர்க்குரிக்கு. கண்டுபிடிக்கிறது எப்படின்னா, ஆல்பம் பக்கத்துல கீழே வட்டத்துக்குள்ள 'பி' (℗) போட்டு ஆண்டும் உரிமையாளரும் இருக்கும். ஆர்பிசன் ஹிட்டுக்கு மான்யுமென்ட் அல்லது சோனின்னு இருக்கணும். கேஷோட 1955-58 பாட்டுக்கு சன் இருக்கணும். சம்பந்தமில்லாத பேர் இருந்தா, பாட்டோட நீளத்தை அசல் சிங்கிளோட ஒப்பிட்டுப் பாருங்க. மூணு விநாடிக்கு மேல வித்தியாசம்னா சந்தேகப்படலாம். கேஷோட சன் பதிவுல டிரம்ஸ் கேட்டாலும் சந்தேகப்படலாம், ஆரம்பப் பாட்டுகள்ல அவர்கிட்ட டிரம்மரே கிடையாது.

பழைய_பிளேட்:
பேட்ஸிக்கும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு, ஆனால் மறுபதிவு இல்லை. 1955-லிருந்து 1960 வரை அவர் 'ஃபோர் ஸ்டார்' கம்பெனியின் பிடியில் இருந்தார். அங்கே பதிவான 51 பாடல்களில் பெரிய ஹிட் என்று ஒன்றுதான். அந்தப் பதிவுகள் பிற்காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உரிமம் கொடுக்கப்பட்டன. பெட்ரோல் பங்க் கேசட்டிலிருந்து சூப்பர் மார்க்கெட் சிடி வரை 'பேட்ஸி கிளைன் பொன்னான பாடல்கள்' என்று வந்தவற்றில் பெரும்பாலும் இவைதான். முகப்பில் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' இருந்து, 'கிரேஸி' இல்லாமல், மீதி எல்லாம் கேள்விப்படாத பாட்டாக இருந்தால் அது ஃபோர் ஸ்டார் தொகுப்பு. கெட்ட பாடல்கள் அல்ல. ஆனால் நீங்கள் தேடும் நாஷ்வில் ஒலி 1960 கடைசியில் டெக்காவுக்கு நேராக வந்த பிறகுதான் முழுசாக வருகிறது.

இவருக்கு நான் சொல்வது 1991-ல் எம்சிஏ போட்ட நாலு சிடி தொகுப்பு, 104 பாட்டு, கன்ட்ரி மியூசிக் ஃபவுண்டேஷன் தயாரித்தது. பழசாச்சே, புது ரீமாஸ்டர் வேண்டாமா என்று கேட்பீர்கள். 2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் நடந்த தீ விபத்தில் பெட்டகக் கட்டடம் எரிந்தது. மூல டேப் இழந்ததாகச் சொல்லப்பட்ட கலைஞர்களில் பேட்ஸி பெயரும் 2019-ல் நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் வந்தது. இழப்பின் அளவு அவ்வளவு இல்லை என்று கம்பெனி மறுத்தது. யார் சொல்வது சரி என்ற சண்டைக்குள் போகாமலே, தீக்கு முன் மாற்றி எடுத்த ஒரு நல்ல சிடியைக் கைவிடக் கூடாது என்பது என் கட்சி. 'புதிய ரீமாஸ்டர்' என்று அச்சடித்திருந்தால் எந்த டேப்பிலிருந்து என்றும் அச்சடித்திருக்க வேண்டும்.

யாழ்_45:
அந்த ஜெர்மன் பெட்டிக்குள்ள என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

மோனோமணி:
பேர் ஃபேமிலி ரெக்கார்ட்ஸ், 1975-ல் ரிச்சர்ட் வைஸ் பிரெமன் பக்கத்தில் ஆரம்பித்தது. எல்பி அளவுப் பெட்டி, உள்ளே கெட்டி அட்டைப் புத்தகம், சிடிகள். ரீவ்ஸ் பெட்டி 1994-ல் வந்தது, 16 சிடி, 1949-ல் பாடிய முதல் சிங்கிள்களிலிருந்து. எவர்லிக்கு மூன்று பெட்டிகள்: கேடன்ஸ் காலம் 3 சிடி, 1960-65 காலம் 7 சிடி, 1966-72 காலம் 8 சிடி. ஆர்பிசனுக்கு 1955-65 காலம் 7 சிடி.

காசு போவது புத்தகத்துக்கும் சேர்த்துத்தான். கடைசிப் பக்கங்களில் செஷன் பட்டியல் இருக்கும்: தேதி, ஸ்டுடியோ, யார் எந்த வாத்தியம், மாஸ்டர் எண் (ஒவ்வொரு பதிவுக்கும் கம்பெனி கொடுக்கும் எண்), முதலில் எந்தத் தட்டில் வெளியானது. ஓவர்டப் நடந்திருந்தால் அதன் தேதி தனியாக. குழித்துறை சார் கேட்ட 'எது அசல்' கேள்விக்கு விடை இந்தப் பட்டியலில் ஒரு வரியில் கிடைக்கும்.

பட்டியல் கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஆர்சிஏ மாஸ்டர் எண்ணின் முதல் எழுத்து ஆண்டைக் காட்டும். 1957 எச், 1958 ஜே, 1959 கே, 1960 எல், 1961 எம், 1962 என், 1963 பி, 1964 ஆர், 1965 எஸ், 1966 டி, 1967 யு, 1968 டபிள்யூ, 1969 எக்ஸ். குழம்பக்கூடிய ஐ, ஓ, க்யூ, வி நாலையும் விட்டுவிட்டார்கள். 45 தட்டின் லேபிளில் எண் அச்சாகியிருக்கும். எல்விஸ், ரீவ்ஸ், ஸ்கீட்டர் டேவிஸ், ஹேங்க் ஸ்னோ, எல்லா ஆர்சிஏ ஆளுக்கும் இது பொருந்தும்.

எல்லாவற்றையும் கால வரிசையில் அடுக்குவதால் ஒரு அசௌகரியமும் உண்டு. ஒரே அமர்வில் பாடிய நாலு சோகப் பாட்டு அடுத்தடுத்து வரும், ஆல்பத்தின் வரிசை போய்விடும். பெட்டியைப் படிக்கவும், ஆல்பத்தைக் கேட்கவும் வாங்க வேண்டும்.

குழித்துறை:
வினைல் பக்கம் போகலாமா? பழைய ஆர்சிஏ எல்பி கிடைக்குது, விலையும் பரவாயில்லை.

டேப்_தலை:
போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 1963-லிருந்து ஆர்சிஏ 'டைனாக்ரூவ்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. கூம்பு ஊசி பள்ளத்தில் செய்யும் பிழையை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து வெட்டுவார்கள். அன்றைய கூம்பு ஊசிக்கு அது சரி. இன்றைய நீள்வட்ட ஊசி அந்தப் பிழையைச் செய்வதில்லை, ஆகவே வளைத்தது வளைத்தபடியே கேட்கும். எல்பி உள்வட்டத்தில் கரகரப்பது எல்லாம் தேய்மானம் என்று நினைக்க வேண்டாம், கூம்பு ஊசியை மாட்டிப் பாருங்கள். 1969 வாக்கில் வந்த மெல்லிய 'டைனாஃப்ளெக்ஸ்' தட்டு கையில் வளையும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் செய்தார்கள்.

மோனோ எல்பியை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டினால் ஆம்பில் மோனோ பட்டனை அழுத்துங்கள். மேலும் கீழுமான அசைவில் வரும் இரைச்சல் ரெண்டு சேனலிலும் எதிரெதிராக இருப்பதால் கழிந்துவிடும். கணினியில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். பொரிச்சத்தத்தை நீக்கத் தானியங்கியை முழுப் பாட்டுக்கும் ஓட்டாதீர்கள். ஸ்டீல் கிட்டாரின் மீட்டலையும் டிரம்பெட் தொடக்கத்தையும் அது பொரிச்சத்தம் என்று நினைத்து மழித்துவிடும். பெரிய வெடிப்புகளைக் கையால் எடுங்கள், சின்னதை விடுங்கள்.

புது வினைல் மறுபதிப்பு வாங்குவதென்றால் 'முழுக்க அனலாக்' என்ற அட்டை வாசகத்துக்காக மட்டும் அதிகம் கொடுக்க வேண்டாம். மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி நடுவில் டிஜிட்டல் படி வைத்திருந்தது 2022-ல் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளை அனலாக் ஒலிக்கு இலக்கணம் என்று புகழ்ந்தவர்கள் பலர்! காது நன்றாகத்தான் இருக்கிறது என்றது, அட்டைதான் ஏமாற்றியது.

ஸ்டீரியோ_சுந்தரி:
டேப்பை அடுப்புல வச்சு சுடுவாங்கன்னு கேள்விப்பட்டேனே, அது அறுபதுகள் டேப்புக்குமா?

டேப்_தலை:
கூடவே கூடாது. சுடுவது எழுபதுகள், எண்பதுகளில் வந்த பின்பூச்சு உள்ள பாலியெஸ்டர் டேப்புக்கு, ஆம்பெக்ஸ் 456 மாதிரி. அதன் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால் தற்காலிகமாகச் சரியாகும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்து டேப் பெரும்பாலும் அசிடேட். அதைச் சூடாக்கினால் சுருங்கி நெளிந்துவிடும். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஒளி ஊடுருவினால் அசிடேட், கறுப்பாக நின்றால் பாலியெஸ்டர். காடி வாடை அடித்தால் அசிடேட் அழுக ஆரம்பித்துவிட்டது, மற்ற டேப்களிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1961 மூல டேப் இன்றும் ஓடும், அதைப் பாதுகாக்க 1978-ல் எடுத்த நகல் ஓடாமல் ஒட்டிக்கொள்ளும்.

பழைய_பிளேட்:
கடைசியாக, பழைய பெட்டி வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை. 1988-லிருந்து 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிடிஓ தொழிற்சாலையில் அச்சான சிடிகளில் ஒரு பகுதி பழுப்பேறிவிட்டது. பூச்சு சரியில்லாமல் காகித உறையின் கந்தகம் உள்ளே போனதால். விளிம்பில் வெண்கல நிறம் தெரியும். சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் முதலில் கெடுவது கடைசிப் பாட்டுகள். விற்பவரிடம் அடிப்பக்கப் படமும், கடைசி டிராக்கை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் எடுத்த பதிவறிக்கையும் கேளுங்கள். கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

பருமனான பழைய சிடி டப்பாக்களில் நடுவே ஒரு ஸ்பாஞ்சு இருக்கும். காலப்போக்கில் அது கரைந்து சிடியில் ஒட்டும். வந்தவுடன் தூக்கிப் போடுங்கள். ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பது. வட்டமாகத் துடைக்கக் கூடாது.

எண்பதுகளின் ஜப்பான் சிடி சிலது பிரி-எம்ஃபசிஸ் (டிரெபிளைத் தூக்கிப் பதிவது) உள்ளது. பிளேயரில் சரியாகக் கேட்கும், கணினியில் எடுத்தால் டிரெபிள் குத்தும். சாக்ஸ் மென்பொருளில் 'டீஎம்ப்' கட்டளையை ஓட்டினால் சரி.

குழித்துறை:
புரிஞ்சுது. முதல்ல எதைத் தொடறது?

மோனோமணி:
பேட்ஸியின் 1991 தொகுப்பு. பிறகு எவர்லியின் கேடன்ஸ் 3 சிடி, அடுத்து ஆர்பிசன் மோனோ. ரீவ்ஸ் பெட்டிக்குக் காசு சேரும் வரை சோனி பெயர் போட்ட ஏதாவது ஒரு ஹிட் தொகுப்பு, பின் அட்டையில் பதிவு ஆண்டு அச்சிட்டிருப்பதாகப் பார்த்து. மலிவு செட் வாங்கித்தான் தீருவேன் என்றால் ஒன்றை வாங்கி, ஆடாசிட்டியில் இன்வர்ட் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே முடிவை எழுதுங்கள், எந்தக் கம்பெனி எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்.

யாழ்_45:
நத்தார் ஆல்பத்தை மறந்திடாதேங்கோ. அதை மட்டும் தனியா, ஸ்டீரியோவில.